முனியாண்டிக்கு இரண்டு இலை

அத்தியாயம் 6

கதவில் சிவப்புப் பெயிண்டால் 'விஷக்காரி' என்று எழுதியிருந்தது. எழுதினவன் பெயிண்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கடைசி எழுத்திலிருந்து வழிந்தது வாசற்படி வரைக்கும் வந்து காய்ந்து போயிருந்தது.

சாந்தினி காரை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"அக்கா, உங்க காது சிவக்குது," என்றான் பக்கத்து சீட்டில் இருந்த யுகேந்திரன். "யாரையாவது அடிக்கப் போறீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க. ஓடுறதுக்கு வசதியா சிலிப்பரைக் கழட்டி ஷூ மாட்டிக்கிறேன்."

"அஞ்சு நாளு ஆச்சுடா யுகேன். இந்த வீட்டை எத்தனை பேரு தாண்டிப் போயிருப்பாங்க? ஒருத்தன் கையிலயும் ஒரு ஈரத்துணி இல்ல பாரு."

யுகேந்திரன் சிலிப்பரை மறந்துவிட்டுக் கதவையே பார்த்தான். அவன் வாயே மூடிக்கொண்டது என்றால் விஷயம் அவ்வளவு மோசம் என்று அர்த்தம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். லாரி முதலாளி வேலையை விட்டுத் தூக்கியதும் குளுவாங் டவுனில் சாந்தினியிடம் வந்து ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. சாந்தினி அதற்கு முன் பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளைம்களைத் தோண்டியவள். இப்போது சொந்தமாகத் தோண்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பெக்கோக்கைத் தாண்டி இந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. மத்தியானம் அன்னதானம், சாயங்காலம் வாந்தியும் வயிற்றுப்போக்கும். நாற்பத்தொரு பேர் விழுந்தார்கள். நாற்பது பேர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கோயிலில் பாத்திரம் கழுவும் வேலு மட்டும் இன்னும் ஐ.சி.யூ.வில் கண் திறக்காமல் கிடக்கிறார். அன்னதானம் சமைத்தது வாசுகி. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோயில் அடுப்பு அவள் கையில்தான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, 'என் சமையலால்தான்' என்று போலீஸ் எழுதி வைத்த வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போடப் போகிறாள். போட்டால் அடுத்தது கோர்ட்டு.

சாந்தினியைக் கூப்பிட்டது வாசுகி இல்லை, கோயில் செயலாளர் வசந்தன். "வெளியாள் ஒருத்தர் வந்து பாத்துச் சொன்னா ஊர் வாய் அடங்கும் மேடம்," என்று போனில் அவ்வளவு பணிவாகச் சொன்னான். அந்தப் பணிவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மணி இரண்டே கால்.

* * *

கோயில் சமையற்கட்டின் வாசலில் சுகாதார இலாகாவின் மஞ்சள் நாடா. திங்கட்கிழமை காலையில் கட்டியது. போலீஸ் சார்ஜன் அர்ச்சுனன் அதைத் தூக்கிப் பிடிக்க, மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். செயலாளர் வசந்தனும் பின்னாலேயே வந்தான். நாற்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் மூன்று நிறத்தில் மார்க்கர் பேனா. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் வாத்தியாரும் அவன்தான்.

விறகடுப்பு எரிந்து எரிந்து சுவரெல்லாம் கரி. மூலையில் சோறு வடிக்கும் மூன்று பெரிய கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுக்கி வைத்த அரிசி மூட்டை எல்லாம் பக்தர்கள் காணிக்கை. யார் எத்தனை கொடுத்தார்கள் என்று அம்மனுக்கே தெரியாது. அரிசிப் பெட்டிமேல் அளப்பதற்கு ஒரு காலிப் பால் டின். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் நீல மார்க்கரில் எழுதியிருந்தது: 'ஆடித் திருவிழா, அரிசி 134 டின்.'

"அலமாக்! புதுச் சட்டை!" என்று கத்தினான் யுகேந்திரன். சுவரில் சாய்ந்ததில் அவன் முதுகு முழுக்கக் கரி.

"சுவர்ல சாயாதனு எழுதி ஒட்டணுமா உனக்கு?" என்றாள் சாந்தினி.

"ஒட்டத்தான் ஒட்டியிருக்காங்களே, வேற என்னமோ."

பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மணிலா அட்டை. அச்சடித்தாற்போல் கையெழுத்து.

அரிசி டின் = ஆ ÷ 4 + 4
(ஆ = ஆள் எண்ணிக்கை)

"நான் எழுதினதுதான் மேடம்," என்றான் வசந்தன். குரலில் பெருமை வழிந்தது. "ரெண்டு வருஷத்துக்கு முன்ன, வாசுகியக்கா எப்படி அளக்குறாங்கனு பக்கத்துல நின்னு கேட்டு, இயற்கணிதத்துல கொண்டு வந்து ஒட்டுனேன். நாலு பேருக்கு ஒரு டின். அதான் ஆளை நாலால வகுக்குறோம். அதுக்கு மேல நாலு டின். அன்னையிலிருந்து அக்கா இதைப் பாத்துத்தான் அளப்பாங்க."

சார்ஜன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "மண்டபத்துல ஒரு பந்திக்கு நூத்தி முப்பது பேரு. நாலு பந்தி. ஐநூத்தி இருபது பேரு சாப்ட்டிருக்காங்க. நானும் போட்டுப் பாத்துட்டேன் சாந்தினி. ஐநூத்தி இருபதை நாலால வகுத்தா நூத்தி முப்பது. கூட நாலு. நூத்தி முப்பத்தி நாலு. பலகையும் அதான் சொல்லுது. அப்ப மொத்தச் சோறும் அந்தம்மா சமைச்சதுதானே?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நானூறு பேருக்குத்தான் சமைச்சேன்கிறாங்க. நூத்தி எட்டு டின்னாம். அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. நானூறுக்குப் போட்டா நூறு கூட்டல் நாலு, நூத்தி நாலுதான் வருது. அவங்க சொல்ற எண்ணு அவங்க கணக்குக்கே ஒத்து வரல. பொய்தானே?"

"விழுந்தவங்க யாரு? எந்தப் பந்தி?"

"நாப்பத்தொரு பேரும் நாலாவது பந்தி," என்று முந்திக்கொண்டான் வசந்தன். "காலையிலயே வடிச்ச சோறு மேடம். கடைசிப் பந்தி வரைக்கும் வெக்கையில கெடந்து கெட்டுப் போச்சு. அக்கா வேணும்னு செய்யல, வயசாயிடுச்சு, கவனக்குறைவு. நீங்களும் பாத்தாச்சுனு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

ஓஹோ. அதற்குத்தானா அழைப்பு? ஒரு ஏழைப் பொம்பளை தலையில் பழியைப் போட்டு, அதன்மேல் குத்துவதற்கு ஒரு முத்திரை வேண்டியிருக்கிறது. முத்திரைக் கட்டை குளுவாங்கிலிருந்து எண்பது கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன செய்ய? சுவரும் பலகையும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. எங்கே பிடிப்பது?

"லேப் ரிசல்ட்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாரம் ஆகும்," என்றார் சார்ஜன். "அதுக்குள்ள அந்தம்மாவே கையெழுத்துப் போடுறேன்னுட்டாங்க. நான் என்னா செய்ய?"

வெளியே வந்ததும் யுகேந்திரன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான். "கணக்குச் சரியாத்தான் இருக்கு அக்கா. எனக்கே புரிஞ்சிடுச்சுனா பாத்துக்குங்க."

"சரியா இருக்குறதுதான்டா எனக்கு வயித்தெரிச்சல். நீ ஒரு பொய் சொல்லணும். கண்ணு முன்னாடி சுவர்ல விடை இருக்கு. நானூறு பேருக்குனா நூத்தி நாலு. நீ எதைச் சொல்லுவே?"

"நூத்தி நாலு."

"அப்புறம் அந்தம்மா ஏன் நூத்தி எட்டுனு சொல்லணும்? பொய் சொல்றவ பொருந்துற பொய்யைச் சொல்லுவா. பொருந்தாத எண்ணைப் புடிச்சிட்டு அஞ்சு நாளா தொங்கிட்டிருக்கான்னா, அது பொய்யில்ல. அந்த நாலு டின் எங்கிருந்து வந்துச்சு? அதைக் கேக்கணும்."

* * *

வாசுகி தன் வீட்டுத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு வயசு. அடுப்படி சுத்தமாக இருந்தது, அளவுக்கு மீறிச் சுத்தமாக. ஐந்து நாளாக அந்த வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

"சாப்ட்டீங்களா அக்கா?" என்றான் யுகேந்திரன். அவனுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். "எனக்குப் பசி உயிர் போகுது. ஒரு ரசம் சோறு கெடைச்சாக்கூட..."

"என் கைச்சோறு உனக்கு வேணாம் தம்பி." அவள் தலை நிமிரவே இல்லை. "வேலண்ணன் தெனமும் என் கைச்சோறுதான் தின்னாரு. இப்ப எங்க கெடக்குறாரு பாரு. நான்தான் செஞ்சேன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப நான்தான் செஞ்சிருப்பேன். போட்டுடறேன் கையெழுத்து."

"போடுவீங்க, போடுவீங்க!" சாந்தினி அவள் எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள். "ஊரே சொன்னா விஷம் வெச்சேன்னும் ஒத்துக்குவீங்களா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. எத்தனை டின் போட்டீங்க?"

"நூத்தி எட்டு. பலகையிலயும் அதைத்தான் எழுதுனேன்."

"சுவர்ல இருக்குற கணக்குப்படி நூத்தி நாலுதானே?"

"சுவர்ல என்னா கணக்கு?"

சாந்தினியும் யுகேந்திரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாத்தியார் எழுதி ஒட்டுன அட்டை. பலகைக்குப் பக்கத்துல."

"அட்டையா? நான் எந்த அட்டையும் பாக்கலியே தங்கச்சி. அளக்குறதுக்கு எனக்கு எதுக்கு அட்டை? நாலு பேருக்கு ஒரு டின்னு. அப்புறம் கிடாரத்துக்கு நாலு டின்னு."

"என்னது? திருப்பிச் சொல்லுங்க."

"கிடாரத்துக்கு நாலு. ஒரு கிடாரம் இறக்குனா மொத நாலு டின் சோறு எல்லை முனியாண்டிக்குப் படையல். ரெண்டு கிடாரம் இறக்குனா ரெண்டு படையல். ஒரு கிடாரத்துல அறுபது டின்னுக்கு மேல வேகாது. நானூறு பேருக்கு நூறு டின்னு, அது ரெண்டு கிடாரம். அதுக்கு எட்டு. நூத்தி எட்டு." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நிமிர்ந்திருந்தது. "வாத்தியாரு ஒரு நாள் வந்து கேட்டாரு. அன்னைக்கு எரநூறு பேருதான். ஒரே கிடாரம். அம்பத்தி நாலு டின்னு போட்டேன்."

சாந்தினி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வசந்தனின் சூத்திரத்தை எழுதி, கடைசி நாலுக்குப் பக்கத்தில் கிடாரத்துக்காக ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.

ஆ ÷ 4 + 4கி

"இதுல மாறுறது ஒண்ணு இல்லடா, ரெண்டு. ஆளும் மாறும், கிடாரமும் மாறும். ஒரு கிடாரம் வெச்ச அன்னைக்கு வந்து பாத்துட்டு, அந்த நாலு என்னைக்குமே நாலுதான்னு எழுதிக்கிட்டான் நம்ம வாத்தியான். ஐநூத்தி இருபது பேருக்குப் போடு பாப்போம்."

யுகேந்திரன் விரலை மடக்கினான். "நூத்தி முப்பது. ரெண்டு கிடாரத்துல நூத்தி இருபதுதான் வேகும், அப்ப மூணு வேணும். மூணு நாலு பன்னெண்டு. நூத்தி நாப்பத்திரெண்டு."

"வாசுகியக்கா ஐநூத்தி இருபது பேருக்குச் சமைச்சிருந்தா பலகையில நூத்தி நாப்பத்திரெண்டு இருக்கும். நூத்தி முப்பத்தி நாலு இருக்காது. அந்த எண்ணை எழுதினவனுக்கு முனியாண்டிய தெரியல."

"ஆனா அக்கா, கிடாரம் ரெண்டா மூணானு யாரு சாட்சி? மூணையும் கழுவிக் கவுத்துட்டாங்க. கழுவின வேலண்ணன் கண்ணே தொறக்கல. காய் நறுக்குன பொம்பளைங்க சோறு வடிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்களாம்."

"நாலாம் பந்தி நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று வாசுகியிடம் கேட்டாள் சாந்தினி.

"மூணாம் பந்தி முடியிறப்ப சோறு தீரப் போகுதுனு கோயில் தலைவருகிட்ட சொன்னேன். 'நீ போய் அம்மன் ஊர்வலத்தைப் பாரும்மா, நாங்க பாத்துக்கிறோம்'னாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருவத்திரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் மொத தடவையா ஊர்வலம் பாத்தேன் தங்கச்சி."

யுகேந்திரன் எழுந்து நின்றான். "தலைவர் மூர்த்தி! செத்தாண்டா சேகரு!"

"இரு. முதல்ல முனியாண்டி."

* * *

கோயில் எல்லையில், செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் முனியாண்டியின் கல். சுருட்டுத் துண்டுகள், வாடிய எலுமிச்சைப் பழம், பாதி எரிந்த ஊதுபத்தி. கல்லுக்கு முன்னால் காய்ந்து பழுப்பேறிய தலைவாழை இலைகள், காற்றில் பறக்காமல் ஓரத்தில் செங்கல் வைத்து.

இரண்டு இலை.

யுகேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு தூரமாகவே நின்றான். "நான் தொட மாட்டேன் லா. முனியாண்டி இலையை யாரும் அள்ள மாட்டாங்க. அதுவா மக்கிப் போகணும்."

"தெரியும். அதனாலதான் இது இன்னும் இங்க இருக்கு." சாந்தினி போனில் படம் எடுத்தாள். "பலகையை அழிச்சு எழுத முடிஞ்சது. சாட்சி ஆஸ்பத்திரியில. ஆனா இந்த இலைமேல கை வைக்க அந்த மகராசனுக்குத் தைரியம் வரல. ரெண்டு இலைனா ரெண்டு கிடாரம். ரெண்டு கிடாரத்துல அறுபதும் அறுபதும் நூத்தி இருபது டின்னுக்கு மேல வேகாது. நூத்தி முப்பத்தி நாலு எங்க வெந்துச்சாம், அவன் மண்டையிலயா?"

"அப்ப நானூறு பேருக்குத்தான் அக்கா சமைச்சாங்க. மிச்சம் நூத்தி இருபது பேருக்குச் சோறு வெளியேருந்து வந்திருக்கு." அவன் சத்தமாக யோசித்தான். "சனிக்கிழமை ராத்திரி தலைவர் மகனுக்கு நிச்சயதார்த்தம். நாலு நாளா ஃபேஸ்புக்ல அந்தப் படந்தான் ஓடுது. எண்ணூறு பேரு விருந்து."

சாந்தினியின் காது மறுபடி சிவந்தது.

* * *

நாலரை மணிக்கு எல்லாரும் சமையற்கட்டில் கூடினார்கள். தலைவர் மூர்த்தி பட்டு ஜிப்பாவில் வந்து, உட்கார நாற்காலி இல்லாத கோபத்தோடு நின்றார். வாசுகியைக் கைபிடித்து அழைத்து வந்து நடுவில் நிறுத்தினாள் சாந்தினி. சார்ஜன் கையில் வாக்குமூலத் தாள். வசந்தன் அட்டைக்குப் பக்கத்தில் நின்றான், வகுப்பெடுக்கத் தயாராக.

"தலைவரே, நாலாம் பந்திக்குச் சோறு எங்கேருந்து வந்துச்சு?"

"என்னா கேள்வி இது? வாசுகி சமைச்சது."

"ஊர்வலம் பாக்க அனுப்பிட்டீங்களே, அப்புறம்?"

மூர்த்தி ஜிப்பாவின் கழுத்தைத் தளர்த்தினார். "செயலாளர்தான் சோறு நெறையா இருக்குனாரு."

"பலகையைப் பாருங்க மேடம்," என்றான் வசந்தன் பொறுமையாக. "நூத்தி முப்பத்தி நாலு."

"பாத்தேன் வாத்தியாரே. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உங்க கணக்குல கடைசியா ஒரு நாலு வருதே, அது என்ன?"

"அது மாறிலி."

"எத்தனை ஆள் வந்தாலும் மாறாதா?"

"மாறாது."

"எத்தனை கிடாரம் வெச்சாலும்?"

வசந்தன் சிரித்தான். "மாறிலினா மாறாது மேடம். அதான் அதுக்குப் பேரே."

"கிடாரத்துக்கு நாலு வாத்தியாரே," என்றாள் வாசுகி. மெதுவாகத்தான் சொன்னாள். "முனியாண்டிக்கு. நீங்க வந்த அன்னைக்கு ஒரு கிடாரம். அதான் நாலு."

சாந்தினி தன் தாளைச் சார்ஜனிடம் நீட்டினாள். பிறகு போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அர்ச்சுனன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்து நோட்டில் எதையோ போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். கடைசியில் வாக்குமூலத் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "முனியாண்டி இலை ரெண்டு," என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அதே தோட்டத்தில்தான் பிறப்பு.

வசந்தன் அட்டைக்கு முன்னால் நகர்ந்து நின்றான். ஆனாலும் ஆள் லேசுப்பட்டவன் இல்லை. "அப்படின்னா எனக்கு அக்கா சரியாச் சொல்லல. நான் கேட்டதை எழுதினேன். என் அட்டையைப் பாத்து, அதுக்குப் பொருந்துற மாதிரி வேற யாரோ பலகையை மாத்தியிருக்காங்க." அவன் பார்வை மூர்த்தி பக்கம் போனது. "ரெண்டு வருஷமா இங்க தொங்குற அட்டை. யார் வேணா பாத்திருக்கலாம்."

"டேய் வசந்தா!" என்று உறுமினார் மூர்த்தி.

"ரெண்டு வருஷமா?" என்றாள் சாந்தினி.

"ரெண்டு வருஷம் மேடம்."

"யுகேன், திரும்பி நில்லு. உன் முதுகைக் காட்டு."

"என்னா அக்கா, இப்பவா?"

"திரும்புடா!"

அவன் திரும்பினான். சட்டை முதுகில் கரி அப்பியிருந்தது.

"மத்தியானம் ஒரு நிமிஷம் சாய்ஞ்சான். இந்த அடுப்பு எரியிற அழகு அது. ரெண்டு வருஷமா தொங்குற அட்டை மட்டும் எப்படி வாத்தியாரே இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"நான்... அப்பப்ப துடைப்பேன்."

"சரி, துடைச்சீங்க." சாந்தினி அட்டையின் மேல் மூலையில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பாகப் பிய்த்தாள்.

பின்னால் இருந்த சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. சுற்றியிருந்த சுவர் எப்படியோ அப்படியே.

"ரெண்டு வருஷம் அட்டை இருந்தா, அதுக்குப் பின்னாடி சுவர் வெளுப்பா ஒரு சதுரம் இருக்கணும். எங்க வாத்தியாரே சதுரம்? பின்னாடியும் துடைச்சீங்களா, கரிய வெச்சு?" அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "இந்த அட்டையை ஒட்டுனதுக்கப்புறம் இந்த அடுப்பு ஒரு நாள்கூட எரியல. ஞாயித்துக்கிழமை சமையல் முடிஞ்ச பெறகு, திங்கட்கிழமை நாடா கட்டுறதுக்கு முன்னாடி ஒட்டுனது. அதுவரைக்கும் இந்தக் கணக்கு இருந்தது ஒரே ஒரு மண்டையிலதான். பலகையில நூத்தி எட்டை அழிச்சு நூத்தி முப்பத்தி நாலு எழுத உங்க ஒருத்தரால மட்டுந்தான் முடியும். உங்க எண்ணு சரினு நிரூபிக்க ஒரு அட்டை, அட்டை சரினு நிரூபிக்க நான்! அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

வசந்தனின் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த மார்க்கர்களை மூடிக்கொண்டது.

"தலைவர் வீட்டு நிச்சயதார்த்தச் சோறு," என்றான் கடைசியில். "நாலு ட்ரே மிச்சம். குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாரு. நான் வேன்லயே வெச்சிருந்தேன். சோறு தீருதுனு சொன்னதும்... நல்லாத்தான் இருந்துச்சு மேடம், வாடை ஒண்ணும் வரல. வீணாப் போகுதேனுதான்."

"மோந்து பாத்தீங்களா? அப்ப சந்தேகம் இருந்திருக்கு."

"கடைசிப் பந்திதானே மேடம்." அவன் கிட்டத்தட்ட கெஞ்சினான். "பாத்திரம் கழுவுறவங்க, தோட்டத்து ஆளுங்க. நம்ம ஆளுங்கதானே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க..."

சாந்தினி கையை ஓங்கியேவிட்டாள். யுகேந்திரன் பிடித்துக்கொண்டான், மத்தியானம் சொன்னபடி ஓடவில்லை.

"நீங்க?" அவள் மூர்த்தியிடம் திரும்பினாள். "உங்க வீட்டுச் சோறுனு எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழம," என்றார் மூர்த்தி. பட்டு ஜிப்பாவுக்குள் ஆள் சுருங்கிப் போயிருந்தார். "மகன் கல்யாணம் வருது. பேரு கெட்டுடும்னு..."

"இவங்க பேரு கதவுல சிவப்புப் பெயிண்டுல எழுதியிருக்கே, அதைப் பாத்தீங்களா?"

சார்ஜன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வேலு சாப்பிட்டது ராத்திரி முழுக்க வேனில் கிடந்த சோறு என்று டாக்டரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு விஷயத்தைத்தான் ஐந்து நாளாக டாக்டர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். தெரிந்தவர்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. தன்னோடு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி அவர்கள் இரண்டு பேருக்கும் கையைக் காட்டினார் சார்ஜன்.

வாசுகி வழிமறித்தாள். இவ்வளவு நேரம் நடுவில் வெறுமனே நின்றவள், வசந்தனுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"வாத்தியாரே, நீங்க எந்தப் பந்தியில சாப்ட்டீங்க?"

வசந்தன் தரையைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல!" அந்தச் சத்தத்தில் கவிழ்த்து வைத்த கிடாரங்கள் கணகணத்தன.

"மொதல் பந்தி," என்றார் மூர்த்தி. "எனக்குப் பக்கத்து இலை."

* * *

வாசுகி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யுகேந்திரன் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெயிண்ட் தின்னர் டப்பாவையும் கந்தல் துணியையும் எடுத்தான். ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் துடைக்க ஆரம்பித்தான். 'வி' போனது, 'ஷ' போனது. துணி முழுக்கச் சிவப்பானது.

உள்ளே தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. சாந்தினி எட்டிப் பார்த்தாள். வாசுகி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, கையில் பால் டின்னோடு அரிசிப் பானை முன்னால் உட்கார்ந்திருந்தாள். டின் பாதி வழியில் நின்றிருந்தது.

"எத்தனை ஆளு?" என்று கேட்டாள்.

"மூணு அக்கா," என்றான் யுகேந்திரன் வாசலிலிருந்து. "ஆனா நான் மட்டும் ரெண்டு ஆளு சாப்பிடுவேன். அதுக்கு வாத்தியார் கணக்குல எடமில்ல."

"நாலு," என்றாள் வாசுகி. "வேலண்ணனைச் சேத்து."

சாந்தினி விரல் விட்டு எண்ணினாள். "நாலை நாலால வகுத்தா ஒண்ணு. பானை ஒண்ணு, அதுக்கு நாலு. அஞ்சு டின்."

"அஞ்சு," என்று தலையாட்டிவிட்டு, வாசுகி அளந்து போட ஆரம்பித்தாள்.

சோறு வெந்து இறக்கியதும் அவள் யாருக்கும் பரிமாறவில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு தலைவாழை இலையை அறுத்துக்கொண்டு, ஆவி பறக்கும் சோற்றோடு செம்பனை வரிசைப் பக்கம் நடந்தாள். யுகேந்திரன் கதவைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். சாந்தினி வாசற்படியில் கிடந்த கந்தல் துணியை எடுத்து, மிச்சம் இருந்த 'காரி'யைத் தேய்க்கத் தொடங்கினாள்.